தெருவெல்லாம் சாய்ஞ்ச கோடு

உள்ள வாங்க அண்ணாச்சி. செருப்பு வாசல்லயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. எடுக்கதுக்கு இந்த வீட்டுக்கு யாராவது வரணும்லா. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல இருங்க. ஏ புஷ்பம், அண்ணாச்சிக்குக் காப்பி போடு.

எதிர்த்த வீட்டுப் பொண்ணை விசாரிக்க வந்திருக்கீங்க. நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம். வெள்ளை வேட்டி, கக்கத்துல குடை, தெருவுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து ஒரு வீட்டைப் பாக்காத மாதிரியே பாத்துக்கிட்டு வாரீங்க. வேற எதுக்கு வருவீங்க, கரண்டு மீட்டர் பாக்கவா? பொண்ணு எப்படின்னு எதிர்த்த வீட்டுக்காரன்கிட்டதான் கேக்கணும்னு எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ. பக்கத்து வீட்டுக்காரன் சொந்தக்காரனா இருப்பான், பின் வீட்டுக்காரன் பங்காளியா இருப்பான், எதிர்த்த வீட்டுக்காரன்தான் நடுநிலையாம். நல்ல நடுநிலையான வீடாப் பாத்து வந்து சேந்தீங்க.

என் பேரு தவசிமுத்து. உப்புக் கம்பெனி ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். எதிர்த்த வீட்டுப் பொன்னுலிங்கம் துறைமுகத்துல கிரேன் ஓட்டுதான். அவன் மகதான் சுயம்புக்கனி. அந்தப் பிள்ளைக்குன்னு இந்தத் தெருவுக்கு வந்த ஆள்ல நீங்க மூணாவது. முதல்ல கோவில்பட்டிக்காரங்க வந்தாங்க. பிறகு ஒரு ரிட்டயர்டு தாசில்தார். ரெண்டு பேரும் நீங்க இருக்க இதே சேர்லதான் இருந்தாங்க. காப்பியைக் குடிச்சாங்க, நான் சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டுனாங்க, எதிர்த்த வீட்டுப் படியைக்கூட மிதிக்காம பஸ் ஏறிட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்ய? கேட்டா உள்ளதைத்தான் சொல்ல முடியும். நான் கலைச்சு விட்டுட்டேன்னு பொன்னுலிங்கம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதான். பாவம், அவனுக்குப் பேச வேற விஷயம் இல்ல.

அந்தப் பிள்ளையைப் பத்தித் தெரியணும்னா நீங்க முதல்ல டிவியைப் பத்தித் தெரிஞ்சுக்கிடணும். சிரிக்காதீங்க. தாசில்தாரும் இப்படித்தான் சிரிச்சாரு. போகும்போது சிரிக்கல.

அந்தா மூலையில நிக்கில்லா, மர ஷட்டர் வச்சு, மேல லேஸ் துணி போட்டு. இந்தத் தெருவுக்கு முதல் டிவி அதுதான். கருப்பு வெள்ளைதான். கலர்ல பாத்தாத்தான் உலகம் தெரியும்னு நினைக்கிற ஆளு இல்ல நான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு நினைக்கீங்க? படம் இருக்குன்னுதான? எல்லாரும் அப்படித்தான் நினைக்கான். படமே கிடையாது அண்ணாச்சி. ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. அம்புட்டுதான்.

பின்னால அந்தப் பெட்டி ஏன் அவ்வளவு நீளமா துருத்திக்கிட்டு இருக்கு? உள்ள ஒரு பெரிய கண்ணாடிக் குழாய். முன்பக்கம் விரிஞ்சு இருக்கும், பின்பக்கம் கழுத்து மாதிரிச் சுருங்கும். அந்தக் கழுத்துக்குள்ள ஒரு கம்பி சூடாகும். சூடானா எலக்ட்ரான் கிளம்பும். கிளம்புனது நேரா ஓடி வந்து முன் கண்ணாடியில மோதும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு பூச்சு பூசியிருக்கான். மோதுன இடம் மினுங்கும். அதான் புள்ளி. இப்ப கழுத்தைச் சுத்திச் செம்புக் கம்பிச் சுருள் வச்சிருக்கான். அதுல கரண்டு போனா காந்தமாகும். காந்தம் அந்தப் புள்ளியை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு இழுக்கும். ஒரு கோடு ஆச்சா. சட்டுனு இந்தப் பக்கம் வந்து, கொஞ்சம் கீழ இறங்கி, அடுத்த கோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரிவரியா எழுதுற மாதிரி. மேல இருந்து கீழ அறுநூத்திச் சொச்சம் கோடு. அதுவும் நேரா வராது, ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டுட்டு, மறுபடி மேல போய் விட்டதை நிரப்பும். வானத்துல வர்ற அலை ஏறி இறங்குறதுக்கு ஏத்த மாதிரி புள்ளி வெளுக்கும், கருக்கும். இதெல்லாம் நாம கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள.

ஆனா நம்ம கண்ணு என்ன செய்யுது? ஒரு அம்மா உக்காந்து செய்தி வாசிக்கான்னு நம்புது. அங்க அம்மாவும் இல்ல, செய்தியும் இல்ல, ஒத்தைப் புள்ளி பேய் பிடிச்ச மாதிரி ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம கண்ணு மந்தமா இருக்கப் போய் டிவி பொழைக்குது. மனுசன் கண்ணு மட்டும் கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்திருந்தா ஒரு பய டிவி வாங்கியிருக்க மாட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கீங்க. தபால்ல படிச்சேன். டிவி மெக்கானிசம் கோர்ஸ். பாடம் எல்லாம் வந்துச்சு. கடைசிப் பாடம் மட்டும் வரல, தபால்காரன் தொலைச்சுட்டான். கடைசிப் பாடத்துல என்ன பெரிசா இருந்திரப் போகுது.

டிவி வந்த புதுசுல நீங்க இந்த வீட்டைப் பாத்திருக்கணும். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பிள்ளையில்லாத வீடு வெறிச்சுனு கிடக்கும்னு சொல்லுவாங்கல்லா? சாயங்காலம் ஆனா இந்த ஹால்ல கால் வைக்க இடம் இருக்காது. என் வீட்டுக்காரி, இவ பாயை விரிச்சா வாசப்படி வரைக்கும் தலை. தெருவே இங்கதான். பச்சப் பிள்ளையைத் தூக்கிட்டு வருவாளுவ, கடலை அவிச்சுக் கொண்டு வருவாளுவ. நான் இந்தப் பக்கமா நின்னு விளக்கம் சொல்லுவேன். இப்ப படம் உருளுதுன்னா ஏன் உருளுது? ஸ்டேஷன்காரன் ஒவ்வொரு தடவை மேல இருந்து ஆரம்பிக்கும்போதும் ஒரு தட்டு தட்டி அனுப்புவான். இப்ப ஆரம்பி, இப்ப ஆரம்பின்னு. அந்தத் தட்டை நம்ம பெட்டி கேக்காம விட்டா, அங்க தலை வரும்போது இங்க கால் வரும். அப்ப பின்னால இந்தத் திருகைத் திருகணும். இப்படிச் சொல்லிக்கிட்டே இருக்கும்போது பொன்னுலிங்கம் ஒரு நாள் கேக்கான், "அண்ணாச்சி, படம் முடிஞ்ச பிறகு சொல்லப்படாதா?" ஞானத்தைக் கூப்பிட்டு வச்சுச் சோறு போட்டாலும் சில பேருக்குச் சாம்பார்தான் முக்கியம்.

அந்த ஆளுதான் தெருவுல ரெண்டாவது டிவி வாங்குனது. வாங்கிட்டுச் சும்மா இருந்தானா? கலர் டிவி ஆக்குறேன்னு கடையில விக்கிற பிளாஸ்டிக் தாளை வாங்கி முன்னால ஒட்டுனான். மேல நீலம், நடுவுல ஆரஞ்சு, கீழ பச்சை. வானமும் மனுசனும் புல்லும் தனித்தனியாத் தெரியுமாம். செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு நெத்தி நீலமா, தாடை பச்சையா இருந்துச்சு. விஷம் குடிச்ச மாதிரி. அதைப் பாக்கவும் பத்துப் பேரு போனான் அண்ணாச்சி. நான் இருந்து பாத்துட்டேன், உலகத்தை.

பிறகு ஒவ்வொருத்தனா வாங்குனான். எல்லா வீட்டு மேலயும் மீன் முள்ளு மாதிரி ஆன்டெனா. நம்ம ஹால்ல நானும் இவளும். எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் கிடையாது. சத்தம் இல்லாம, பச்சப் பிள்ளை மூத்திரம் இல்லாம நிம்மதியா இருந்தேன். இவளுக்குத்தான் ஒரு மாதிரி. சாயங்காலம் ஆனா பாயை விரிச்சுப் போட்டுட்டு வாசலைப் பாத்து உக்காந்திருப்பா. யாருக்குடி விரிக்கன்னு கேட்டா பாய்ச் சுருக்கத்தை நீவி விடுவா. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் சுருட்டி வைப்பா. எத்தனை நாளைக்கு நான் பாத்துக்கிட்டு இருக்க? அதனாலதான் பூஸ்டர் வாங்குனேன். எனக்காக இல்ல.

எல்லாரும் நம்ம நாட்டு டிவி டவரைத்தான் பாத்தான், இந்தியில செய்தி, ஞாயித்துக்கிழமை தமிழ்ப் படம். நான் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்புனேன். இந்தத் தூத்துக்குடியில இருந்து அது எட்டுற தூரம்தான். கிரிக்கெட் போடுவான், இங்கிலீஷ் தொடர் போடுவான், என்னைக்காவது ஒரு தமிழ்ப் படமும் போடுவான். ஆனா அந்த அலை கடலைத் தாண்டி வருது பாருங்க, நொந்து நூலாகித்தான் வரும். அந்த இத்துனூண்டைப் பெருக்கிக் கொடுக்கதுதான் பூஸ்டர். கம்பத்து உச்சியில ஒரு சின்ன டப்பா. கீழ டிவி சுவிட்சைப் போட்டா அதுக்கும் சேத்துக் கரண்டு போகும். மாட்டுனேன். படம் வந்துச்சு. ஆனா யாரும் வரல.

இன்னும் கொஞ்சம் பலமா வந்தா தேவலைன்னு டப்பாவைக் கழத்திப் பாத்தேன். உள்ள தகரத்துல ஒரு மூடி, நாலு பக்கமும் இறுக்கிப் பத்த வச்சிருக்கான். அலையைப் பிடிக்க வேண்டிய சாமானைத் தகரத்தைப் போட்டு மூடுனா அலை எந்த வழியா உள்ள போகும்? நீங்களே சொல்லுங்க. கம்பெனிக்காரனுக்கு மூளை கிடையாதுன்னு தெரிஞ்சு போச்சு. மூடியைப் பேத்து எடுத்துட்டு, டப்பாவை மாட்டுனேன். அந்த மூடி இப்பவும் சாமி படத்துக்கு முன்னால இருக்கு, இவ அதுல ஊதுபத்தி சொருகுதா. அதுக்குத்தான் அது லாயக்கு.

மறுநாள் சாயங்காலம் பாருங்க அண்ணாச்சி, ஒரு அதிசயம். தெருவுல எல்லா வீட்டு டிவியிலயும் சாய்ஞ்ச சாய்ஞ்ச கோடா விழுது. பாய் பின்னுன மாதிரி. அதுக்குள்ள மூஞ்சி எது, மூக்கு எதுன்னு தெரியல. நம்ம வீட்டுல இலங்கைப் படம் கண்ணாடி மாதிரி இருக்கு. என்ன செய்வான்? எல்லாரும் இங்க வந்துட்டான். இவ பாயை விரிக்கா, விரிக்கா, பத்தல. பக்கத்து வீட்டுல போய் ஒரு ஜமுக்காளம் வாங்கிட்டு வந்தா. நான் பாத்தேன், இவ கண்ணுல தண்ணி. தரம்னா தரம்தான், ஜனம் தேடி வரத்தான் செய்யும்.

ஒரு மாசம் அப்படி ஓடுச்சு. பிறகு தெருவுல உள்ளவன் எல்லாம் கோயில் முன்னால கூட்டம் போட்டான், கோடு எங்க இருந்து வருதுன்னு. என்னைத்தான் கூப்பிட்டான். வேற யாரைக் கூப்பிடுவான், டிவி படிச்ச ஆளு நான் ஒருத்தன்தான? யோசிச்சுச் சொன்னேன், பொன்னுலிங்கம் வீட்டு கிரைண்டர்தான்னு. மோட்டார் ஓடுனா உள்ள பொறி பறக்கும், பொறி பறந்தா அலை கெடும். இது விஞ்ஞானம். பொன்னுலிங்கம் என்னமோ முணுமுணுத்தான். கூட்டம் விடுமா? சாயங்காலம் கிரைண்டர் ஓடக்கூடாதுன்னு தீர்மானம். அவன் பொண்டாட்டிக்கு மூட்டு வலி. பழையபடி ஆட்டுக்கல்லு முன்னால உக்காந்து ஆட்டுனா. தெருவுக்காக ஒரு ஆளு கொஞ்சம் கஷ்டப்பட்டா என்ன?

கிரைண்டர் நின்னும் கோடு நிக்கல. அப்ப பொன்னுலிங்கம் ஸ்கூட்டரா இருக்கும்னேன். ஸ்கூட்டரையும் தெருமுனையில இருந்தே தள்ளிட்டு வந்தான். அப்பவும் நிக்கல. அவன் வீட்டு டியூப் லைட்டைச் சொன்னேன். குண்டு பல்பு மாட்டுனான். எதுக்கும் நிக்கல. எவ்வளவு கெட்டிக்காரத்தனமா மறைச்சு வச்சுச் செய்தான்னு பாருங்க.

இதுல உச்சம் என்னன்னா, நானும் இவளும் ஒரு நாள் வீட்டைப் பூட்டிட்டுத் திருச்செந்தூர் போனோம். மறுநாள் திரும்பி வந்தா எல்லாவனும் சொல்லுதான், நேத்து ஒரு கோடு கூட விழலையாம், ஞாயித்துக்கிழமைப் படத்தை முழுசாப் பாத்தோம்னு. நான் ஊர்ல இருந்தாக் கோடு, இல்லைன்னாக் கோடு இல்ல. பாத்தீங்களா வஞ்சத்தை? எம்மேல எவ்வளவு பொறாமை இருந்தா ஒரு மனுசன் நாள் பாத்து, கிழமை பாத்து இப்படிச் செய்வான்?

அதுக்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை வந்தா. சுயம்புக்கனி. அதுவரைக்கும் பாலிடெக்னிக் போவா, வருவா, தலை நிமிந்து பாத்தது கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கான்னு கேள்விப்பட்டிருக்கேன். நேரா உள்ள வந்து, "மாமா, உங்க பூஸ்டரை நான் ஒருக்கப் பாக்கட்டுமா"ன்னு கேக்கா. எதுக்குன்னேன். "கோடு உங்க வீட்டுல இருந்து வருதோன்னு தோணுது மாமா. நீங்க டிவியை ஒரு நிமிசம் அணைங்க, நான் தெருவுல நிக்கேன்." என் டிவியை நான் எதுக்கு அணைக்க? முடியாதுன்னுட்டேன். இவ இருக்காள்லா, என் வீட்டுக்காரி, எந்திரிச்சுப் போய் அணைச்சுட்டா. அணைச்சதும் தெரு பூரா "வந்துட்டு, வந்துட்டு"ன்னு சத்தம். போட்டா "போச்சு"ங்கான். அணைச்சா "வந்துட்டு". போட்டா "போச்சு". எனக்கு விளங்கிட்டு. வீடு வீடாப் போய்ச் சொல்லி வச்சிருக்கா, அவர் அணைக்கும்போது இப்படிச் சொல்லுங்க, போடும்போது அப்படிச் சொல்லுங்கன்னு. பச்சப் பிள்ளை வரைக்கும் பாடம் பண்ணி வச்சிருக்கா. எவ்வளவு பெரிய சதி.

பிறகு மொட்டை மாடிக்கு ஏறுனா. நம்ம வீட்டுல மாடிப்படி வெளியதான் இருக்கு, ஏறிட்டா. அதுக்கு மேல ஏணி வச்சுக் கம்பத்துக்கும் ஏறுனா. பாவாடையை இழுத்துச் சொருகிட்டு ஒரு வயசுப் பொண்ணு ஏணியில நிக்கி, தெருவே அண்ணாந்து பாக்கு. இதைத்தான் கோவில்பட்டிக்காரங்ககிட்டச் சொன்னேன். பொண்ணு நல்லா ஏறும்னேன். வேற ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல.

இறங்கி வந்து எனக்கே பாடம் நடத்துதா. "மூடி எங்க மாமா? மூடி இல்லாம இது தானா ஊளையிடுது. நம்ம அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல மைக்கைக் கொண்டுபோய்க் குழாய் ஸ்பீக்கர் பக்கத்துல வச்சா 'ஊ'ன்னு அலறும்லா? ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் வாங்கி, திரும்ப ஸ்பீக்கருக்குக் கொடுத்து, நிக்காமச் சுத்தும். அதேதான் இங்க நடக்கு. பெருக்குன அலை திரும்ப வாய்க்குள்ளயே போகுது. போய் இந்த ஆன்டெனா வழியாத் தெருவுக்கே பாயுது. இலங்கை சேனல்ல அது தெரியாது, நம்ம டவர் சேனல்லதான் விழுது. நீங்க வாங்குறதோட விடல மாமா, அனுப்பவும் செய்யுதீங்க."

அப்ப நான் ஸ்டேஷன் வச்சிருக்கேனாக்கும்னு கேட்டேன். "ஆமா மாமா, ஒரு நிகழ்ச்சிதான் போடுதீங்க"ன்னா. சிரிக்கா வேற. வாயைப் பாத்தீங்களா? தாசில்தாருக்கு இதை அப்படியே சொன்னேன்.

அவ வீட்டுல இருந்து ஒரு பால் பவுடர் டின்னைக் கொண்டு வந்து பூஸ்டர் மேல கவுத்தி, கம்பி சுத்தி இறுக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கோட தெருவுல கோடு நின்னு போச்சு. நின்னதோட முடிஞ்சுதா? எல்லாவனும் என்னைப் பாத்த பார்வை இருக்கே. மறுநாள் ஹால்ல ஒரு ஆளு இல்ல. பொன்னுலிங்கம் வீட்டுல கிரைண்டர் ஓடுது, வேணும்னே சத்தமா. தெருவுல எதிர்ல வந்தா ஒருத்தன் வேட்டியைச் சரி பண்ணுதான், ஒருத்தன் வானத்தைப் பாக்கான். பேச்சே கிடையாது. பேசாட்டிப் போறான். நான் என்ன பேச்சுக்கு அலையுறவனா? நீங்களே பாக்கீங்கல்லா, வந்ததுல இருந்து நான் எவ்வளவு பேசிட்டேன்?

ரெண்டு வாரம் அப்படிக் கிடந்துச்சு வீடு. பிறகு அந்த டின்னு காத்துல விழுந்துட்டு.

கடக்கரைக் காத்து அண்ணாச்சி, கம்பியையே அரிச்சுப் போடும். விழுந்ததும் தெருவுல கோடு. அரை மணி நேரத்துல அந்தப் பிள்ளை வந்து நிக்கா, கையில குறடோட. "மாமா, டின் விழுந்துட்டா?" விழுந்துட்டு போலன்னேன். ஏறிக் கட்டிட்டு வந்தா. வந்தவ போறாளா? உக்காந்துக்கிட்டா. இவ மக்ரூன் வாங்கி வச்சிருக்கா அவளுக்கு. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு ஒண்ணைக் கண்ணுல காட்ட மாட்டா, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தட்டு நிறைய. தின்னுக்கிட்டே கேள்வி கேக்கா. கேள்வின்னா கேள்வி. டிவியை அணைச்ச பிறகும் நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நிக்கே, அது ஏன் மாமான்னு கேட்டா. யோசிச்சுச் சொல்லுதேன்னேன். அடுத்த தடவை டின்னு விழுந்தப்ப அவளே சொல்லுதா, இழுக்குற சுருள்ல கரண்டு உடனே நின்னுருது, ஆனா சூடான கம்பி ஆற நேரமாகும், அதுவரைக்கும் எலக்ட்ரான் வந்துக்கிட்டுத்தான் இருக்கும், இழுக்க ஆள் இல்லாததால நடுவுலயே விழுதுன்னு. எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியுதான்னு சோதிச்சேன்.

ஒண்ணு சொல்லணும். இந்தத் தெருவுலயே நான் சொல்லுறதை முடியுற வரைக்கும் கேக்க ஒரே ஆளு அவதான். கேட்டு முடிச்சுட்டு "அது தப்பு மாமா"ம்பா, அதான் குறை. ஆனா கேப்பா. நடுவுல எந்திரிச்சுப் போக மாட்டா. அவ போன பிறகு இவ பாயைச் சுருட்டாம விட்டுருவா, இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்னு.

முன்னால மாசத்துக்கு ஒருக்க விழுந்த டின்னு இப்ப வாரத்துக்கு ஒருக்க விழுது. போன வாரம் ரெண்டு தடவை. காத்து அப்படி. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை வந்து ஏறுதா. கல்யாண வயசுப் பொண்ணு, எதிர்த்த வீட்டு மாடியில வாரத்துக்கு ரெண்டு நாள். உங்க வீட்டுக்கு வந்தா அங்கயும் ஏறுவா. மாமியாருக்கு எதிர்த்துப் பதில் சொல்லுவா, மாமனாருக்குப் பாடம் எடுப்பா. எல்லாத்தையும் நான் விவரமாச் சொல்லிப் போடுதேன். பொன்னுலிங்கம் மூஞ்சி வாடித்தான் கிடக்கு, மகளுக்கு இடம் தட்டிப் போகுதுன்னு. அவன் பொண்டாட்டி கோயில் கோயிலா ஏறி இறங்குதா. அந்தப் பிள்ளை மட்டும் எப்பவும் போலத்தான் வருது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, ஏன் மாமா இப்படிச் சொன்னீங்கன்னு. கேட்டாலாவது பரவாயில்ல.

காப்பியைக் குடிங்க. ஏ புஷ்பம், வச்சுட்டு நீ உள்ள போ. ஏன் நிக்க? அண்ணாச்சிகிட்ட என்ன சொல்லணும் உனக்கு?

என்ன? யாரு? நானா? கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி, என் வீட்டுக்காரி சொல்லுதா, காத்தும் இல்ல ஒண்ணும் இல்லையாம், விடியக்காலையில நான்தான் ஏணியைப் போட்டு ஏறி டின்னை அவுத்து விடுதேனாம். அந்தப் பிள்ளை வரணும்னு அவுத்து விடுதேனாம். என் வயசு என்ன, முட்டி இருக்க நிலைமை என்ன, நான் ஏணி ஏறுவேனா? இவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.

இன்னும் என்னட்டி? நல்ல பிள்ளைன்னு சொல்லணுமா? சொல்லு, நீயே சொல்லு. தங்கமான பிள்ளை, விட்டுராதீங்கன்னு சொல்லுதா. அவ போயிட்டா இந்த வீட்டுக்கு யார் வருவான்னுதான் இவரு வர்ற இடத்தையெல்லாம் கலைச்சு விடுதாருன்னு சொல்லுதா. முப்பது வருசத்துல வெளியாள் முன்னால இவ இவ்வளவு பேசி நான் கேட்டது கிடையாது. போய்ட்டா பாருங்க, அழுதுக்கிட்டே. பொம்பளைங்க பேச்சை நீங்க பெரிசா எடுத்துக்கிடாதீங்க.

என்ன கேட்டீங்க?

எனக்கு ஒரு மகன் இருந்தா, இந்தப் பொண்ணை எடுப்பேனாவா? இதை முன்னால வந்த ரெண்டு பேரும் கேக்கல. விசாரிக்க வர்றவங்க எல்லாரும் கேக்க வேண்டிய கேள்வி இது. அவங்க கேக்காமப் போனாங்கன்னா தப்பு அவங்க மேலதான்.

எடுத்திருப்பேன்.

யோசிக்காம எடுத்திருப்பேன் அண்ணாச்சி. ஜாதகம்கூடப் பாத்திருக்க மாட்டேன். அவ ஏணியில நிக்கும்போது நான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், இறங்குற வரைக்கும் கையை எடுக்க மாட்டேன், விழுந்திரக் கூடாதேன்னு. பெத்தவன்தான் அப்படிப் பிடிப்பான்னு சொல்லுவாங்க. எனக்கு அது தெரியாது. பிடிப்பேன், அவ்வளவுதான் தெரியும்.

உங்க பையன் எங்க வேலை? ஓசூரா. கம்பெனி வேலையா. கல்யாணம் ஆனதும் அங்கயே கூட்டிட்டுப் போயிருவானா? ஆமா, பின்ன, இங்க விட்டுட்டா போவான். நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? நம்ம உப்புக் கம்பெனியில என் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருக்கு. பையனுக்கு இந்த ஊர்லயே ஒரு வேலைக்கு நான் சொல்லிப் பாக்கட்டுமா? வீடுகூட இந்தத் தெருவுலயே பாத்துரலாம். வேண்டாமா. சரி. படிச்ச பையன், உப்பு அள்ளவா வருவான்.

போங்க அண்ணாச்சி. பொழுதோட போங்க. எதிர்த்த வீடுதான், நீலக் கதவு. அந்தப் பிள்ளைதான் வந்து திறக்கும். நான் நல்லபடியாச் சொன்னேன்னு மட்டும் அங்க சொல்லிராதீங்க, நம்ப மாட்டாங்க. நீங்க நம்புதீங்கல்லா?